இதைவிடக் கனமான கீபோர்டு இருக்கிறதா?

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

இந்த முதல் வரியை எழுதுவதற்குள் பல தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்கள் மகனும் என் மகளும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த பிறகு உங்களைச் சம்பந்தி என்று அழைக்கக் கூடாது என்று என் மகள் சொல்கிறாள். வேறு எப்படி அழைப்பது என்று கேட்டால், அது உங்கள் பாடு என்கிறாள். ‘முன்னாள் சம்பந்தி’ என்று எழுதிப் பார்த்தேன், பதவி போன அமைச்சருக்கு மனுக் கொடுப்பதுபோல இருந்தது. ‘ஐயா’ என்று எழுதினேன், வேலை கேட்பதுபோல இருந்தது. பெயர் சொல்லி எழுதலாமென்றால், இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆகவே பழைய உறவிலேயே எழுதுகிறேன். பிரிந்தது அவர்கள் இரண்டு பேர். நம்மை யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை.

இங்கே நானும் வீட்டம்மாவும் மகளும் நலம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதிவிட்டேன். அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், மாப்பிள்ளையும் (வாய்ப் பழக்கம், மன்னிக்கவும்), நம் பேத்தி வாண்டுவும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காலை நடைக்கு இப்போது யாருடன் போகிறீர்கள்? நான் போவதில்லை. என் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. முன்பென்றால் உங்கள் கடைக்குள் நுழைந்ததும் நான் கேட்காமலேயே கழற்றி வாங்கி, பேச்சோடு பேச்சாக ஒரு திருகு திருகி, துடைத்து மூக்கில் மாட்டிவிடுவீர்கள். வேறு கண்ணாடிக் கடைக்குப் போக மனம் வரவில்லை. நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை வாண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, நீங்கள் சொல்லி அனுப்பியதை எடைமேடைக்காரனான என்னிடம் ஒப்பித்தாள். “எடைத் தாத்தா, கண்ணாடித் தாத்தா வியாழக்கிழமை வேன் அனுப்பறாராம். கீபோர்டை அதுல ஏத்தி விடணுமாம். தினம் வாசிச்சாத்தான் கை பழகும்னு டீச்சர் சொல்லிட்டாங்களாம்.” இன்று வியாழக்கிழமை. வேன் வரும். வரும் வேன்காரரிடம் இந்தக் கடிதத்தைத்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். கீபோர்டு ஏறாது. ஏன் ஏறாது என்று சொல்லாவிட்டால் கிழவனுக்குப் பிடிவாதம் என்று நினைப்பீர்கள். பிடிவாதம்தான், ஆனால் காரணத்தோடு கூடிய பிடிவாதம்.

வாண்டுவின் பள்ளிக்கூடம் உங்கள் தெருவில் இருக்கிறது, அதனால் பள்ளி நாள் எல்லாம் அவள் உங்கள் வீட்டில், சனி ஞாயிறு எங்கள் வீட்டில், அவள் அம்மாவோடு. இப்படித்தான் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். கீபோர்டு வருவதற்கு முன்னால், காகிதத்தில் எழுதிய சனிக்கிழமை தவறாமல் வந்தது. குழந்தைதான் வரவில்லை. ஒரு வாரம் தோழிக்குப் பிறந்தநாள் என்றாள். இன்னொரு வாரம் ஜலதோஷம். அதற்கு அடுத்த வாரம் போனில் காரணமே சொல்லாமல், “அங்க வந்து நான் என்ன தாத்தா பண்ணட்டும்?” என்று கேட்டாள். இந்தக் கட்டடத்தில் அவள் வயதுப் பிள்ளைகள் இல்லை. அவள் அம்மாவுக்குச் சனிக்கிழமையும் பாதி நாள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை அறையில் வேலை. மிச்சம் இருப்பது நானும் வீட்டம்மாவும். எட்டு வயதுப் பெண் எங்கள் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பாள்?

அவள் வராத சனிக்கிழமைகளில் என் மகள் வேலை முடிந்து வருவாள். வாசலில் குட்டிச் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லையென்றால் நேராகக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விடுவாள். குழாய் ரொம்ப நேரம் ஓடும். வெளியே வரும்போது முகம் கழுவியிருக்கும். எங்கள் வீட்டில் யாரும் அழுவதில்லை, சம்பந்தி. தண்ணீர்தான் அதிகம் செலவாகிறது.

அப்படி இருக்கும்போதுதான் பள்ளி மியூசிக் டீச்சர், இந்தக் குழந்தைக்கு நல்ல காது, வீட்டில் ஒரு கீபோர்டு இருந்தால் நன்றாக வருவாள் என்று சொன்னது இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. நீங்கள் முந்திக்கொண்டீர்கள். உங்கள் அவசரம் எனக்குத் தெரியாதா? பக்கத்துக் கடையில் ஒன்றை வாங்கி அன்று மாலையே கையில் கொடுத்துவிட்டீர்கள். குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம், ஆனால் அதில் ஒரு பட்டனைத் தட்டினால் கட்டைக்குக் கட்டை நாய் குரைக்கிறது. கட்டைகளோ வாண்டுவின் விரலுக்கே சின்னவை. மெதுவாகத் தொட்டாலும் அதே சத்தம், ஓங்கிக் குத்தினாலும் அதே சத்தம். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, “இது விளையாடறதுக்கு, படிக்கறதுக்கு வேற வேணும்” என்று சொன்னதாகக் கேள்வி. அந்தச் செய்தி காதில் விழுந்தபோது எனக்குள் வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பாவம், நல்ல மனதோடுதான் வாங்கினீர்கள். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாளே நானும் வீட்டம்மாவும் பெரிய கடைக்குப் போனோம். எனக்கு இசை தெரியாது. வேலையில் இருந்த காலமெல்லாம் எடைமேடையில் உட்கார்ந்தவன். லாரி ஏறும், எடை பார்ப்பேன், எழுதுவேன், லாரி இறங்கும். எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. முதல்முதலாகக் கற்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று பிட்டுப் பிட்டு வைத்தாள். “கட்டை முழு அளவுல இருக்கணும் சார். மெதுவாத் தொட்டா மெதுவாவும், அழுத்தித் தொட்டா சத்தமாவும் கேக்கணும். ஹெட்போன் மாட்ட முடிஞ்சா வீட்டுல மத்தவங்களுக்குத் தொந்தரவு இருக்காது. நூறு விதமான சத்தம், தாளம், கலர் விளக்கு, இதுக்கெல்லாம் மயங்காதீங்க” என்றாள். நான் தலையாட்டிவிட்டு, “எவ்வளவு எடைம்மா?” என்று கேட்டேன்.

“ரொம்ப லேசு சார், நாலு கிலோ வரும். பாப்பாவே தூக்கிட்டுப் போயிடலாம்” என்றாள் பெருமையாக. அந்த ஒரு பேச்சில் அந்தக் கீபோர்டு என் மனதை விட்டு இறங்கிவிட்டது. “இதைவிடக் கனமா ஏதாவது இருக்கா?” என்றேன். அவள் அடுத்ததைக் காட்டினாள். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். “இதைவிட?” என்றேன். அந்தப் பெண் வீட்டம்மாவைப் பார்த்தாள். வீட்டம்மா கூரை விளக்கைப் பார்த்தாள்.

“எங்க சார் வைக்கப் போறீங்க? ஒரே இடத்துலயா, இல்ல அங்க இங்க கொண்டு போவீங்களா?” என்று அவள் கேட்டாள். கேட்கக் கூடாத கேள்வி இல்லை, கடையில் எல்லாரிடமும் கேட்பதுதான். “குழந்தைக்கு ரெண்டு வீடும்மா” என்று வீட்டம்மா ஆரம்பித்தாள். நான் அவளை முடிக்க விடவில்லை. “ஒரே இடம். எங்கயும் போகாது” என்றேன். “அப்ப பாப்பா எங்க இருப்பாங்களோ அங்க வைங்க சார். போறப்ப வர்றப்ப ரெண்டு நிமிஷம் உக்காந்து வாசிச்சாலே போதும், தானா வந்துடும்” என்றாள். எனக்குக் கேட்காததுபோல இருந்துவிட்டேன். வயதானவர்களுக்குக் காது கேட்காததில் உள்ள வசதி உங்களுக்கும் தெரியும்.

கடைசியில் மூலையில் நின்றது ஒன்று. பியானோ மாதிரி எண்பத்தெட்டுக் கட்டை. ஒவ்வொரு கட்டைக்குள்ளும் சுத்தியல் மாதிரி ஏதோ வைத்திருக்கிறார்களாம், அழுத்தினால் விரலுக்கு எதிர்த்து நிற்கிறது. மரத்தாலான உடம்பு, காலுக்குப் பெடல், இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. “நல்ல சாமான் சார், ஒரே ஒரு குறைதான், ரெண்டு ஆள் இல்லாம அசைக்க முடியாது” என்றாள். “அந்தக் குறைதாம்மா வேணும்” என்றேன். என் கணக்கு இதுதான், சம்பந்தி, உங்களிடம் மறைக்கவில்லை. அசையாத கீபோர்டு எங்கள் வீட்டில் இருந்தால், அசைகிற குழந்தை அதைத் தேடி வரத்தானே வேண்டும்? கடையை விட்டு வெளியே வந்ததும் வீட்டம்மா ஒன்று சொன்னாள். “நீங்க வாங்கினது கீபோர்டு இல்ல, நங்கூரம்.” நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அது வீடு வந்த கதையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். லிஃப்டுக்குள் பெட்டி நுழையவில்லை. படிக்கட்டில் ஏற்றினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அது சுவருக்கும் கம்பிக்கும் நடுவே சிக்கிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டுக்காரர், மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு மேலிருந்து வந்தார். வழி இல்லை. தூக்கி வந்த ஆட்கள், “டீ குடிச்சுட்டு வந்து யோசிக்கிறோம்” என்று போய்விட்டார்கள். அவர் ஈரம் காயாத துணியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். மரியாதைக்கு நானும் பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். “யாருக்கு இது?” என்றார். “பேத்திக்கு” என்றேன். “உங்ககூடத்தான் இருக்காளா?” என்றார். “வருவா” என்றேன். டீ குடித்துவிட்டு வந்த ஆட்கள் பெட்டியை நிமிர்த்திப் பிடித்துத் திருப்பி மேலே ஏற்றினார்கள்.

பிறகு அதை மாட்டிய கதை. கூட வந்த தாளில் எழுத்தே இல்லை, வெறும் படம். படத்தில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே மாட்டுகிறார்கள். நாங்களும் இரண்டு பேர்தான், சிரிப்பு மட்டும் வரவில்லை. பின்பலகையை முன்னால் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி, எல்லாம் முடிந்த பிறகு ஒரு திருகாணி மிஞ்சி நின்றது. எங்கிருந்து மிஞ்சியது என்று இன்றுவரை தெரியாது. கடுகளவு திருகாணியையே கண் மூடி மாட்டுகிறவர் நீங்கள், பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பீர்கள். உங்கள் எண்ணைப் போனில் எடுத்தும் வைத்தேன். பிறகு நம் இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்பது ஞாபகம் வந்து, திருகாணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் இன்னொன்று நடந்தது. நான் ஏதோ பட்டனைத் தொட, கீபோர்டு தானாகவே ஒரு பாட்டை வாசிக்க ஆரம்பித்துவிட்டது. கடையில் காட்டுவதற்காக உள்ளே வைத்த பாட்டாம். நிறுத்தத் தெரியவில்லை. நான் ஒவ்வொரு பட்டனாகத் தட்டுகிறேன், ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு. அந்தச் சமயத்தில் மகள் வேலையிலிருந்து வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். பையைக்கூட இறக்கவில்லை. “குழந்தை வந்திருக்காளாப்பா? இவ்வளவு நல்லா வாசிக்கிறாளா?” என்று கேட்டுக்கொண்டே முகமெல்லாம் மலர உள்ளே ஓடி வந்தாள். பெஞ்சில் யாரும் இல்லை. நான் பின்பக்கம் குனிந்து மின்கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு குழாய் ஓடியது.

ஆனால் நங்கூரம் வேலை செய்ததா இல்லையா? செய்தது. அடுத்த சனிக்கிழமை வாண்டு வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள். கதவு திறந்ததும் எங்களைத் தாண்டிக் கீபோர்டுக்கு ஓடுவாள். தாண்டிப் போகிறாளே என்று எனக்கு வருத்தமில்லை, தாண்டுவதற்காவது எங்கள் வாசலுக்கு வந்தாளே. இரண்டு பேர் வாசிக்கிற பட்டனைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டையை அழுத்தினால் கீபோர்டு நடுவில் இரண்டாகப் பிரிந்து, இந்தப் பாதியிலும் அந்தப் பாதியிலும் ஒரே சுருதி கேட்கும். டீச்சரும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்ததாம். வாண்டு வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு, “எடைத் தாத்தா, நீங்க எடது பக்கம் வாங்க. நான் தலையாட்டறப்ப மட்டும் இந்த ஒரு கட்டையை அமுக்குங்க, சரியா?” என்றாள். நான் அமுக்குவேன். “இவ்வளவு பலமா இல்ல தாத்தா, இது என்ன லாரியா?” என்பாள். வேலைக் காலத்தில் எந்த மேலதிகாரியும் என்னை இப்படித் திட்டியதில்லை. அப்படியொரு சுகமான திட்டும் நான் வாங்கியதில்லை. என் மகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த இரண்டு நாளும் குழாய் தேவைக்கு மட்டும்தான் ஓடும்.

அதனால்தான் சொல்கிறேன், கீபோர்டு நகராது. தினமும் வாசித்தால்தான் வரும் என்று டீச்சர் சொல்லலாம். அவருக்கென்ன, கை பழகுவதைப் பற்றித்தான் அவர் கவலைப்படுவார். கை கொஞ்சம் மெதுவாகப் பழகினால் குடி முழுகிப் போகாது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குழந்தை கொஞ்சம் மறந்துவிடுகிறாள் என்பது உண்மைதான், போன வாரம் எங்கே விட்டாளோ அதற்கும் முன்னால் இருந்து தொடங்குகிறாள் என்பதும் உண்மைதான். போகட்டும். உங்களுக்கு அவள் காலையில் பல் தேய்ப்பது தெரியும், வீட்டுப்பாடம் தெரியும், காய்ச்சல் தெரியும். திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. எங்களிடம் ஒரு கீபோர்டுதான் இருக்கிறது. அதையும் வேனில் ஏற்று என்கிறீர்களே, எப்படி மனம் வந்தது சம்பந்தி?

வேறு ஏதாவது கேளுங்கள், மறுக்க மாட்டேன். இது மட்டும் முடியாது. இதுவே என் முடிவான முடிவு. வேனுக்கு வீண் அலைச்சல் கொடுத்ததற்கு மன்னிக்கவும்.

தங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். தங்கள் மகனுக்கு என் ஆசிகள். கோபம் இருக்கிறது, ஆனாலும் ஆசிகள். வாண்டுவுக்கு எடைத் தாத்தாவின் ஆயிரம் முத்தங்கள். முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுங்கள், மாத்திரையை நம்பாதீர்கள். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புள்ள
சம்பந்தி

பின்குறிப்பு: இதற்குமேல் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேனுக்காகக் காத்திருந்தேன். வீட்டம்மா எடுத்துப் படித்தாள். என் கடிதத்தை அவள் படிக்காமல் அனுப்பியதில்லை, உங்களுக்குத் தெரியும். படித்து முடித்து, “எல்லாம் எழுதியிருக்கீங்க, போன சனிக்கிழமைய எழுதலையே” என்றாள். நான் வேன் வருகிறதா என்று ஜன்னல் பக்கம் பார்த்தேன். “குழாய் சத்தம் எனக்கும் கேட்டுச்சு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஹெட்போன் கம்பியைச் சுற்றி ஒரு துணிப்பையில் போட ஆரம்பித்துவிட்டாள்.

போன சனிக்கிழமை நடந்தது இது. கீபோர்டு வாரம் முழுவதும் சும்மா நிற்கிறதே என்று நான் தூசி தட்டப் போவேன். தூசி தட்டுகிற சாக்கில் ஒரு கட்டை. அப்புறம் இரண்டு. வாண்டு திட்டாத அளவுக்குத் தெரிந்துகொள்ளலாமே என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு தினமும் உட்கார ஆரம்பித்தேன். டீச்சர் சொன்னது சரிதான், சம்பந்தி. தினமும் வாசித்தால் தானாக வந்துவிடுகிறது. இந்த எடைமேடை விரலுக்கே வந்துவிட்டது. சனிக்கிழமை வாண்டு உட்கார்ந்து அவள் பாடத்தைத் தொடங்கினாள். பாதியில் தடுக்கியது. மறுபடி தொடங்கினாள், அதே இடத்தில் தடுக்கியது. நான் சும்மா இருந்திருக்கலாம். “இப்படியாம்மா?” என்று கேட்டு, அதை முழுவதும் இரண்டு கையாலும் வாசித்துக் காட்டிவிட்டேன், மடையன். கை தட்டுவாள் என்று நினைத்தேன்.

அவள் என் கையையே பார்த்தாள். அப்புறம், “உங்களுக்கு வருது தாத்தா, எனக்கு வரல. எனக்குக் காது நல்லா இல்ல போல” என்றாள். மெதுவாக எழுந்து போனாள். கோபமாகப் போயிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். குளியலறைக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. அப்புறம் குழாய் ஓடியது. ரொம்ப நேரம் ஓடியது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள், “சோப்பு கண்ணுல பட்டுடுச்சு” என்றாள். எங்கள் வீட்டில் கீபோர்டைக் கற்றுக்கொள்ள அவளுக்கு நாள் போதவில்லை. இதை மட்டும் யாரும் சொல்லித்தராமல், வாரத்துக்கு இரண்டே நாள் வந்து, முழுசாகக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் அம்மா அப்போது வேலையில் இருந்தாள். அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.

உங்கள் வேன் ஆட்கள் இப்போது எங்கள் கூடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன சார், இவ்வளவு கனமா வாங்கியிருக்கீங்க” என்றார்கள். “கனமாத்தான்பா கேட்டு வாங்கினேன்” என்றேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிமிர்த்திப் பிடித்துத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் ஜன்னல் வெயில் படாத இடமாக வையுங்கள். கடைக்காரப் பெண் சொன்னதுபோல, குழந்தை போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும். மிஞ்சிய திருகாணியை ஒரு பொட்டலத்தில் வைத்திருக்கிறேன், எங்கே போக வேண்டும் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தப் பொட்டலத்திலேயே என் கண்ணாடியும் இருக்கிறது. உங்கள் கையால் ஒரு திருகு திருகிக் கொடுங்கள். அவசரமில்லை. நீங்கள் நேரில் கொண்டு வந்து கொடுக்கும்வரை நான் பேப்பர் படிக்காமல் இருந்துகொள்வேன்.

சனிக்கிழமை வாண்டுவை அனுப்புங்கள். அங்கே வந்து என்ன செய்வது என்று கேட்பாள். செய்ய ஒன்றும் இல்லை என்று உண்மையையே சொல்லுங்கள். அவள் அம்மா இருப்பாள், நாங்கள் இருப்போம், அவ்வளவுதான். வருவதாகச் சொன்னால் அந்த நாய் குரைக்கிற கீபோர்டை அவள் கையில் கொடுத்தனுப்புங்கள். லேசானதுதானே, அவளே தூக்கிக்கொண்டு வருவாள். அதைக் கேலி செய்து மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. பழகும்வரை அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்தப் பட்டனை அவளே காட்டுவாள். நீங்கள் இடது பக்கம் உட்காருங்கள். அவள் தலையாட்டும்போது மட்டும் ஒரு கட்டையை அமுக்கினால் போதும், மெதுவாக. திட்டுவாள், வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாகத் தெரிந்துபோனாலும் முழுசாக மட்டும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். முழங்காலை நினைத்துப் பயப்பட வேண்டாம், பெஞ்சு உயரம்தான். அதன் இடது பக்கம் மட்டும் என் கனத்தால் கொஞ்சம் அமுங்கியிருக்கும். உட்கார்ந்தால் தெரியும்.